திருகு நிற்கும், ஈறு நிற்குமா?

கோவில்பட்டிப் பக்கம் பல் கட்டுவதற்கும் ஒரு பருவம் உண்டு. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தை வாக்கில் வீடு வந்து சேரும். மக்காச்சோளம், மிளகாய், பருத்தியெல்லாம் அதன் பின்னால் வரும். கையில் நாலு காசு புரளுவது மாசி, பங்குனியில்தான். காதுகுத்து, கோயில் கொடை, அடகு மீட்பு எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் அடங்க வேண்டும். தள்ளிப்போட்ட பல் வைத்தியமும் அப்போதுதான் நினைவுக்கு வரும். மானாவாரிக் கரிசலில் வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை என்றால், வாய்க்கும் வருஷத்துக்கு ஒரு தவணைதான்.

தாடை எலும்பு இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பல்லைப் பிடுங்கிய நாளிலிருந்தே அந்த இடத்து எலும்பு கரையத் தொடங்கிவிடும். டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்ராப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட அளவீட்டின்படி, கடைவாயில் பல் பிடுங்கிய இடத்தின் அகலம் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்து முடிந்திருந்தது. வலி பொறுக்காமல் ஐப்பசியில் பல்லைப் பிடுங்கிவிட்டு, பணம் சேர்ந்து அடுத்த வருஷப் பங்குனியில் தாடை எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் வைக்கிற ‘ஸ்க்ரூ பல்’ கட்டப் போகிறவர் பாதி எலும்போடுதான் நாற்காலியில் உட்காருகிறார். எலும்பு இறங்கும்போது அதன் மேல் போர்த்தியிருந்த கெட்டியான ஈறும் கூடவே சுருங்கும். எலும்பு போனது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ஈறு சுருங்கியதை வாய்க்குள் விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். பல இடங்களில் அதை யாரும் பார்ப்பதில்லை.

என் சித்தப்பா கதையும் இதுதான். எட்டயபுரம் பக்கத்தில் ஏழு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கிறார். வலது கீழ்க் கடைவாயில் முதல் பெரிய பல்லைப் பிடுங்கி, இரண்டு வெள்ளாமை தாண்டி ஸ்க்ரூ பல் கட்டினார். எந்த ஊர், எந்த கிளினிக் என்பது இங்கே வேண்டாம். மூன்று வருஷம் நன்றாக மென்றார். நாலாவது வருஷம் பல் தேய்க்கும்போது பிரஷ்ஷில் ரத்தம் வந்தது. வலி இல்லை, ஆட்டமும் இல்லை. “வலிக்கவே இல்லையேய்யா, டாக்டர்ட்ட போயி என்னன்னு சொல்ல?” என்று இன்னொரு வருஷத்தையும் ஓட்டிவிட்டார்.

இந்த வைத்தியத்தையே பழிப்பது என் நோக்கமில்லை. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில் முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. 1965இல் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக டைட்டானியத் திருகுகளை வைத்தார். லார்சன் 2006இல் காலமானார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் திருகுகளை வைத்துத்தான் அவர் சாப்பிட்டார். எலும்பு டைட்டானியத்தை ஏற்கும் என்பதில் இன்று சந்தேகம் கிடையாது. எங்கள் பக்கத்து விளம்பரப் பலகைகள் சொல்வதும் அந்த அளவுக்கு உண்மைதான். பலகையில் இடம்பெறாதது ஈறு.

இயற்கையான பல்லின் வேர் மேல் ‘சிமென்டம்’ என்ற பூச்சு உண்டு. ஈறின் நார்கள் அதற்குள் குறுக்காக நுழைந்து, வேலியில் முள் கோத்த மாதிரி பல்லைப் பிடித்திருக்கும். டைட்டானியத்தில் அந்தப் பூச்சு கிடையாது. ஆகவே நார்கள் உள்ளே நுழையாமல் திருகுக்கு இணையாக ஓடி, சட்டைக் கழுத்துப்பட்டி மாதிரி சுற்றி நிற்கும், அவ்வளவுதான். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெத்தை போன்ற சவ்விலிருந்து ஈறுக்கு வரும் ரத்த ஓட்டமும் திருகைச் சுற்றிக் கிடையாது. பிடிமானமும் ரத்தமும் குறைவு என்பதால், அந்தக் கழுத்துப்பட்டி ஒருமுறை அவிழ்ந்தால் கிருமி நேரே எலும்புக்கு இறங்கிவிடும்.

கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் வெடித்துப் பிளந்து, மழையில் உப்பிக் கிளம்புகிற மண் இது. அஸ்திவாரத்தை எத்தனை ஆழம் தோண்டிப் போட்டாலும், சுவரை ஒட்டித் தண்ணீர் இறங்க வழி விட்டால் இரண்டு மழையில் சுவர் விரிசல் விடும். அதனால்தான் கொத்தனார் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் சிமென்ட் பூசச் சொல்வார். அந்தப் பூச்சு சுவரைத் தாங்குவதில்லை, தண்ணீரைத்தான் தடுக்கிறது. திருகைச் சுற்றிய ஈறுக்கும் அதே வேலைதான்.

அந்த ஈறு எப்படி இருக்க வேண்டும்? முதலில் அது தடித்திருக்க வேண்டும். லிதுவேனியாவில் லின்கேவிசியஸ் குழு 2009இல் காட்டியபடி, ஈறின் தடிப்பு 2 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருந்த இடங்களில், திருகைச் சரியாக வைத்திருந்தாலும் முதல் வருஷத்திலேயே 1.45 மில்லிமீட்டர் வரை எலும்பு இறங்கியது. தனக்கு வேண்டிய உயரம் இல்லாதபோது ஈறு எலும்பைக் கரைத்து இடம் பிடித்துக்கொள்கிறது. அடுத்தது, திருகைச் சுற்றி அசையாத கெட்டி ஈறு ஒரு பட்டையாக இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும் என்பது பலர் வைத்திருக்கும் அளவு. இதில் ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. நன்றாகச் சுத்தம் செய்கிறவருக்குப் பட்டை குறைந்தாலும் பாதகமில்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் ஏட்டுச் சுரைக்காயாகத்தான் படுகிறது. கன்னத்தோடு சேர்ந்து அசைகிற மெல்லிய சவ்வின் மேல் பிரஷ் பட்டாலே எரியும். எரிகிற இடத்தை யார் நன்றாகத் தேய்ப்பார்கள்? ஈறு போதாது என்றால் மேலண்ணத்திலிருந்து சிறு துண்டு எடுத்து வைத்துத் தைக்கலாம். அதைத் திருகு வைப்பதற்கு முன்போ கூடவோ செய்வதுதான் சுலபம். திருகின் மேல் பல் வடிவக் கேப் மாட்டி, வீங்கி, சீழ் வைத்த பிறகு செய்வது கஷ்டம்.

இத்தனையும் பல்லைத் திட்டமிடுவதைப் பொறுத்தது. மேலே நிற்கப் போகிற பல்லின் உருவத்தையும் இடத்தையும் முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தக்கபடி கீழே திருகு எங்கே, எந்தச் சாய்வில், எத்தனை ஆழத்தில் போக வேண்டும் என்று பார்ப்பதே சரியான வரிசை. அளவு எடுத்து, அச்சில் மெழுகால் பல் செய்து, முப்பரிமாண ஸ்கேனோடு பொருத்தி, துளை போடுவதற்கு வழிகாட்டும் தகடு செய்வார்கள். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மில்லிமீட்டர், இரண்டு திருகு என்றால் நடுவே 3 மில்லிமீட்டர், கீழ்த்தாடை நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டர் என்று இடைவெளிகள் உண்டு. நடைமுறையில் பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. எலும்பு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே திருகு இறங்கும், பிறகு அதன் மேல் எப்படியாவது ஒரு பல் உட்கார வேண்டியதுதான்.

ஏன் தலைகீழாகிறது என்றால், சிறு ஊர்களில் வேலை மூன்று கைக்குப் பிரிகிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் பெரிய ஊரிலிருந்து வருகிற ‘விசிட்டிங் டாக்டர்’ ஒரே நாளில் ஐந்தாறு பேருக்குத் திருகு வைத்துவிட்டுப் போவார். மூன்று நாலு மாதம் கழித்து உள்ளூர் டாக்டர் அளவெடுப்பார். கேப் இன்னொரு நகரத்து லேபில் தயாராகிப் பார்சலில் வரும். மூவரும் தத்தம் வேலையில் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம். ஆனால் மெழுகுப் பல்லை முன்னால் வைத்து மூவரும் சேர்ந்து பார்த்த நாள் என்று ஒன்று கிடையாது. திருகு கோணலாக இறங்கியிருந்தால் அதைச் சரிக்கட்டுகிற பாரம் லேபில் உட்கார்ந்திருக்கும் பையன் தலையில் விழுகிறது. சரிக்கட்ட அவன் கையில் இருப்பது கேப்பின் வடிவம் மட்டுமே.

அங்கேதான் காளான் முளைக்கிறது. கடைவாய்த் திருகு சுமார் 4, 5 மில்லிமீட்டர் குறுக்களவு. அதன் மேல் உட்காரும் பல்லோ 10 மில்லிமீட்டர். ஈறுக்குள்ளிருந்து அது பூ விரிகிற மாதிரி மெல்ல விரிந்து வர வேண்டும். திருகு போதிய ஆழத்தில் இல்லை, ஈறும் மெல்லியது என்றால் விரிய உயரம் இருக்காது. சட்டென்று குடை பிடித்த மாதிரி அகன்றுவிடும். அந்தக் குடைக்கு அடியில் எந்தப் பிரஷ்ஷும் நுழையாது. அமெரிக்காவில் கட்டாஃபூச்சி குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு மட்டத்தில் வைக்கும் திருகுகளில் கேப் வெளிவரும் கோணம் 30 டிகிரியைத் தாண்டியபோது எலும்பு அரிக்கும் நோய் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. இதில் நோயாளியின் சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. சுத்தம் செய்யவே முடியாத பல்லைச் செய்து கொடுத்துவிட்டு, ‘நன்றாகத் தேயுங்கள்’ என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

கேப்பை ஒட்டுகிற சிமென்ட் இன்னொரு தொல்லை. திருகோடு திருகாக முறுக்கி மாட்டும் கேப்பின் தலையில் ஒரு சிறு துளை இருக்கும், அதைப் பல் நிறத்தில் அடைத்திருப்பார்கள். சிலருக்கு அந்தப் புள்ளி பிடிக்காது. அதனால் ஒட்டுகிற வகையைக் கேட்பார்கள். ஒட்டும்போது பிதுங்குகிற சிமென்ட் ஈறுக்குள் இறங்கி இறுகிவிட்டால், இயற்கைப் பல்லில் உள்ளதுபோல் குறுக்கு நார்கள் தடுக்காததால் ஆழமாகப் போய்விடும். டாமஸ் வில்சன் 2009இல் நோய் கண்ட 42 திருகுகளை நுண்கேமரா விட்டுப் பார்த்ததில், 81 சதவீதத்தில் ஒட்டிய மிச்ச சிமென்ட் இருந்தது. சிலவற்றில் நோய் நாலு மாதத்தில் வந்தது, சிலவற்றில் ஒன்பது வருஷம் கழித்து. சிமென்ட்டைச் சுரண்டி எடுத்ததும் அவற்றில் நாலில் மூன்று பங்கு நலமடைந்தன. என்னைக் கேட்டால், கழற்றி மாட்டக்கூடிய கேப்பே மேல். கடைவாய்ப் பல்லின் தலையில் இருக்கும் புள்ளியை எட்டிப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

திருகுப் பல்லுக்கு நோய் வந்தால் அது எச்சரிக்கை மணி அடிக்காது. மெத்தைச் சவ்வு இல்லாததால் அதற்கு உணர்வும் குறைவு. சோற்றில் சிறு கல் கிடந்தால் சொந்தப் பல் அந்த நொடியே சொல்லிவிடும், திருகுப் பல் கடித்து நொறுக்கிவிட்டுப் போகும். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்க் கடலை மிட்டாயை அதில் வைத்துக் கடிக்கிறவர்களுக்கு இது நினைவிருக்கட்டும். நோய் வந்தால் முதலில் ஈறு மட்டும் சிவந்து, தொட்டால் ரத்தம் வரும். இந்த நிலையில் சுத்தம் செய்தால் மீளலாம். அடுத்தது எலும்பு அரிப்பு. போன எலும்பைப் பழையபடி திரும்பக் கொண்டுவருவது அரிது. ஸ்வீடனில் 2016இல் வெளியான டெர்க்ஸ் குழுவின் ஆய்வு, பல் கட்டி ஒன்பது வருஷம் ஆனவர்களைப் பார்த்தது. 45 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் எலும்பு அரிப்பு நோய், 14.5 சதவீதம் பேருக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் இழப்பு. கேப்பின் விளிம்பு எலும்புக்கு மிக நெருங்கி, 1.5 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. பல் சுத்தம் செய்ய முறையாகக் கூப்பிட்டு அனுப்புகிற நாட்டில் இது நிலவரம். புகையிலை அதக்குகிறவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், ஏற்கெனவே ஈறு நோயால் பல்லை இழந்தவர் ஆகியோருக்கு ஆபத்து இதைவிட அதிகம்.

ஈறைத் திறப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு, அதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. எலும்பில் துளை போடும்போது சூடு ஏறும். 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிஷம் நீடித்தாலே எலும்பு கெடும் என்பது 1983இலேயே தெரிந்த விஷயம். ஆகவே துளை போடுகிற நேரம் முழுக்கக் கிருமி நீக்கிய சலைன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த சலைனே கெட்டிருந்தால் என்ன ஆகும்? 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழ்நாட்டில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் வந்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கோடு தொடர்புடையவர்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற கிருமி அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அரசின் பொது சுகாதாரத் துறையினரும் ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்களும் துருவியபோது, பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில் அதே கிருமி கிடைத்தது. பாட்டிலைத் திறக்க அங்கே பயன்படுத்தியது பெரியாஸ்டியல் எலிவேட்டர் என்ற கருவி. திறந்த பாட்டிலைத் தளர்வாக மூடி வைத்து மீண்டும் மீண்டும் உபயோகித்திருக்கிறார்கள். ஆய்வு 2025இல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசியப் பிராந்திய இதழில் வெளியானது.

அவர்கள் எல்லோரும் திருகு வைக்கப் போனவர்கள் அல்ல, சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் போனவர்கள். ஆனால் அந்தக் கருவியின் பெயரை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. எலும்பிலிருந்து ஈறை நெம்பிப் பிரிப்பதற்கென்றே செய்த கருவி அது. திருகு வைக்கிற ஒவ்வொரு மேஜையிலும் இருக்கும்.

ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ‘எந்த நாட்டு ஸ்க்ரூ, எத்தனை வருஷ கேரண்டி’ என்பதல்ல. கேரண்டி திருகுக்குத்தான், ஈறுக்கு எவரும் எழுதித் தரமாட்டார்கள். திருகு வைப்பவரும் பல் கட்டுபவரும் வேறு வேறு ஆளா, வேறு என்றால் இருவரும் பேசிக்கொண்டார்களா என்று கேளுங்கள். திருகு வைக்கும் முன்பே மெழுகிலோ கம்ப்யூட்டர் திரையிலோ வரப்போகிற பல்லைக் காட்டச் சொல்லுங்கள். அதன் அடியை எந்தப் பிரஷ்ஷால், எந்தப் பக்கமிருந்து சுத்தம் செய்வது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பதில் தயங்கினால், பல்லும் அப்படித்தான் வரும். சலைன் பாட்டிலைக் கண்ணெதிரே புதிதாகத் திறக்கச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஊசியைப் பிரித்துக் காட்டச் சொல்ல நாம் எப்போதோ பழகிவிட்டோம். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை முதல் வார்த்தையாகவே சொல்லிவிட வேண்டும். சில ஊசிகளுக்குப் பிறகு தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போவதுண்டு.

திருகு வருகிற டப்பாவில் கம்பெனிப் பெயர், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பில்லோடு ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு கம்பெனித் திருகுக்கும் முடுக்கியும் உள்தலையும் வேறு வேறு. பெயர் தெரியாவிட்டால் அடுத்த டாக்டர், பூட்டைப் பார்த்துச் சாவியைத் தேடுகிற கதைதான். எந்தப் பல்லைக் கட்டினாலும் இந்த ஒரு காகிதத்தை விட்டுவிடக் கூடாது.

சித்தப்பாவிடம் அது இல்லை. போன வைகாசியில் நானே அவரை வேறொரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, கன்னத்தை மெல்ல வெளியே இழுத்தார்.

“பாருங்கய்யா, கன்னத்தை இழுத்தா ஈறும் கூடவே வருது. இப்படி வரக்கூடாது.”

மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை ஈறோரம் இறக்கினார். கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டே இருந்தன. எட்டு மில்லிமீட்டரில் நின்றது. குச்சியோடு மஞ்சளாக ஒரு சொட்டுச் சீழ் வந்தது. திரையில் எக்ஸ்ரே தெரிந்தது. மழைக்குப் பிறகு ஓடைக்கரையில் நிற்கிற காளான் மாதிரி கேப், கீழே எலும்பை விட்டு வெளியே தெரிகிற திருகுப் புரிகள். எண்ணிப் பார்த்தேன், பாதிக்கு மேல் வெளியே இருந்தது.

முதலில் கேப்பைக் கழற்றப் பார்த்தார். ஒட்டிய வகை என்பதால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. உள்பக்கம் ஈறுக்குக் கீழே சுண்ணாம்புக் கட்டி மாதிரி சிமென்ட் இறுகியிருந்தது. திருகின் உள்தலையில் தன்னிடமிருந்த முடுக்கிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், எதுவும் உட்காரவில்லை. பழைய கிளினிக்குக்குப் போன் செய்தால், திருகு வைத்த விசிட்டிங் டாக்டர் இப்போது வருவதில்லை என்றார்கள். எந்தக் கம்பெனி என்று எழுதி வைத்த நோட்டும் இல்லையாம்.

“இதைக் காப்பாத்துறது சிரமம்ய்யா. எடுத்துட்டு, எலும்பு ஆறட்டும். நாலு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்து, முதல்ல பல்லை மெழுகுல செஞ்சு பார்ப்போம். ஈறுக்கும் ஒரு சின்ன வேலை இருக்கு.”

சித்தப்பா ஈறில் பஞ்சைக் கடித்துக்கொண்டே விரல் மடக்கி எண்ணினார். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி.

“வெதைப்பு மாசம்லா,” என்றார்.